மாரிக்கனியின் குரல் எனக்குக் கேட்டது

ராஜபாளையம்
10 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் ஆஷிகாவுக்கு,

அப்பா எழுதுவது. மணிப்பூர் மலையில் உன்னையும் உன்னோடு வேலை செய்கிறவர்களையும் கர்த்தர் காப்பாராக. இங்கே நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. மழையும் இல்லை.

உன் போன் வந்த நாளிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். எரிந்த வீடுகளை உங்கள் திருச்சபைக் குழு கட்டிக்கொடுப்பதையும், அடித்துக்கொண்ட இரண்டு தரப்பாரும் முதன்முறையாக ஒரே பந்தலில் உட்கார்ந்ததையும் சொன்னாய். அங்கே என்னைப் பற்றியும் பேசினாயாம். "எங்க கிராமத்துக் கலவரத்துல பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டு நாப்பது பேரைக் காப்பாத்துனவர் எங்கப்பா" என்றதும் ஒரு தாய் அழுதாளாமே. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

நாற்பது பேரை உள்ளே விட்டது உண்மை. மீதியை நான் யாருக்கும் சொன்னதில்லை, அம்மாவுக்கும்கூட.

அரிவாள்களோடு கும்பல் தெருமுனைக்கு வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டேன். அடுத்த நிமிஷம் கதவைத் தட்டினார்கள். "சார், நான் மாரிக்கனி. அவரும் நிக்காரு. தெறங்க சார்!" நான் பாடம் நடத்திய அதே பள்ளியில் சத்துணவு சமைத்தவள். தினமும் கேட்ட குரல். என் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. திறக்கவில்லை. அவள் கணவன் இசக்கிமுத்துவைப் பள்ளிப் படியிலேயே வெட்டிக் கொன்றார்கள். அவள் மட்டும் எப்படியோ தப்பினாள்.

உள்ளே இருந்தவர்களுக்காகத்தான் என்று இருபத்தேழு வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். நான் பயந்துவிட்டேன். பிறகு ஊர்கூடிச் சால்வை போட்டார்கள். வாங்கிப் போர்த்திக்கொண்டேன்.

மாரிக்கனி இப்போது கூமாப்பட்டியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இரண்டு முறை கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமைதான் போய்ச் சேர்ந்தேன். மோர் கொடுத்தாள். உன்னை விசாரித்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

காலி மோர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "அம்புட்டுக் கூச்சல்ல எங் கொரலு ஒங்களுக்குக் கேக்கலன்னுல்லா சார் நெனச்சிருந்தேன். அதச் சொல்லித்தான், சாரத் திட்டாதலேன்னு எம் மகன வளத்தேன்" என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்; கேட்கவில்லை. "பஸ்ஸு வந்துரும், கெளம்புங்க" என்று உள்ளே போய்விட்டாள். என் பாரத்தை இறக்கப் போனேன். அவளுக்கு மிஞ்சியிருந்த ஆறுதலையும் பறித்துவிட்டு வந்தேன்.

மறுபடி அந்தப் பந்தலில் பேசும்போது என் கதையை முழுதாகச் சொல், மகளே. கதவைச் சாத்தினவர்கள் அங்கேயும் இருப்பார்கள். என்னைப்போல இத்தனை வருஷம் அவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம்.

குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள். தேவன் உன் கைவேலையை ஆசீர்வதிப்பார். பதில் எழுதும்போது "அன்புள்ள அப்பா" என்று தொடங்க மனம் வராவிட்டால், தேதியை மட்டும் போட்டுத் தொடங்கு. ஆனால் எழுது.

உனக்காக ஜெபிக்கும்,
தேவஇரக்கம்