மாப்பிள்ளைக்கு மறு சமநிலைச் சோதனை வேண்டி

அனுப்புநர்:
ராதோய் கர்ச்செவ் (வயது 78),
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
கோர்னா லுகா, பல்கேரியா.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
முதியோர் உடல் சமநிலை ஆய்வுத் திட்டம்,
மாவட்ட மருத்துவமனை.

பொருள்: என்னை 'விழும் அபாயம் மிக்கவர்' என்று அறிவித்ததை ரத்து செய்து, மீண்டும் சோதிக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. தங்கள் ஆய்வுக்கு நானாக விரும்பியே வந்தேன். ஒற்றைக் காலில் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டும் நின்றேன். ஒரு குறையும் இல்லை.

2. கடைசியாக, தரையில் ஒட்டியிருந்த கோட்டின் மேல் மருத்துவர் கலினா என்னை நடக்கச் சொன்னார். "நடந்துகிட்டே ஏதாவது பேசுங்க தாத்தா. பேசினா கால் தடுமாறுதான்னு பாக்கணும்" என்றார். எதைப் பேசுவது என்று அவர் சொல்லவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

3. தமது சோதனையை முடித்துவிட்டு எதிர்ப் பெஞ்சில் அமர்ந்திருந்தார் திருமதி ரைனா. கணவரை இழந்தவர், என் மேல்மாடிக்காரர். பல குளிர்காலங்களாகக் கேட்க நினைத்தும் வாய் வராததை, மருத்துவரே பேசச் சொன்ன தைரியத்தில், நடந்தபடியே கேட்டுவிட்டேன்: "ரைனா, என்னைக் கட்டிக்கிறியா?"

"இத்தனை வருஷமா வாயில பனித்சா ரொட்டியையா அடைச்சு வச்சிருந்தே? கட்டிக்கிறேன்யா, கட்டிக்கிறேன். மொதல்ல கோட்டைப் பாத்து நட!" என்றார்.

4. ஐயா, அதைக் கேட்ட பிறகு எந்த வயதுக்காரராலும் நேராக நடக்க முடியாது. எடை பார்க்கும் கருவியின் மேல் சாய்ந்தேன். அறிக்கையில் 'காரணமின்றித் தடுமாறினார்' என்று எழுதியிருக்கிறார்கள். 'காரணமின்றி' என்ற சொல்லுக்கு ரைனாவும் கடும் ஆட்சேபம் தெரிவிக்கிறார்.

5. அறிக்கையைப் படித்த என் மகள் மிலேனா உடனே வாக்கர் வாங்கி வந்துவிட்டாள். "அப்பா, கல்யாணத்துக்கும் இதப் பிடிச்சுக்கிட்டுத்தான் வரணும்" என்கிறாள். மாடி ஏறவும் தடை. ரைனா மேலே, நான் கீழே. ஜன்னல் வழியாகத்தான் பேச்சு. கழுத்து வலிக்கிறது.

6. கல்யாணத்தன்று மணமக்களில் யார் முதலில் மற்றவர் காலை மிதிக்கிறாரோ, வீட்டில் அவர் சொல்தான் செல்லும் என்பது தாங்கள் அறியாததல்ல. வாக்கரைப் பிடித்தவன் எப்போது காலைத் தூக்குவது? ரைனாவோ தங்கள் சோதனையில் முழு மதிப்பெண் பெற்றவர். போதாததற்குத் தினமும் பயிற்சி செய்கிறார். என் தலைக்கு மேல் தொம் தொம்மென்று கேட்கிறது.

ஆகவே, வரும் சனிக்கிழமைக் கல்யாணத்துக்குள் என்னை மீண்டும் சோதித்து, வாக்கரிலிருந்து விடுவிக்க வேண்டுகிறேன். அது இயலாதெனில், மணமகளுக்கும் ஒரு வாக்கர் கட்டாயம் என்று உத்தரவிட்டால் போதும். ஆயுளுக்கும் நன்றி மறவேன்.

இடம்: கோர்னா லுகா
நாள்: மே 9

இப்படிக்கு, யார் கையையும் பிடிக்காமல் நின்றபடியே கையொப்பமிடும்,
ராதோய் கர்ச்செவ்