மூன்றாவது வரியில் வாங்கிய மூச்சு

அன்புள்ள உனக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. விளக்கின் மேல் செய்தித்தாளைச் சுற்றிவிட்டு, தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுநடுவே பேனாவை நிறுத்திக் குழந்தையின் மூச்சைக் கேட்கிறேன். அதனால் எழுத்து அங்கங்கே வெட்டுப்பட்டிருக்கும். விடியக்காலை ஐந்தரை பஸ்ஸில் அவளைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை கண் மூடப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. ஹாஸ்டலில் இப்படித் தூக்கம் வராத நாளெல்லாம் உன் போர்வையைப் பிடித்துத்தான் இழுப்பேன். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

இன்று மத்தியானம் உன் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். மூடி வரவில்லை, கரண்டிக் காம்பால் நெம்பினேன். திறந்ததும் தேயிலை வாசனை. நீ போய் ஒரு வருஷமும் ஒரு மாதமும் ஆகிறது, வாசனை போகவில்லை. கொழும்பிலிருந்து உன் வீட்டுக்காரர் அனுப்பும் தேயிலையில் ஒரு பொட்டலம் மடித்து, ‘அண்ணனுக்கு’ என்று எழுதி, டேப் சுருளுக்கு மேலே வைத்து அனுப்புவாயே. நீ அண்ணன் என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர் தேயிலையைக் குடித்துத் தீர்த்துவிட்டார். சுருளை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் தொடவில்லை. அது நீ கடைசியாக அனுப்பிய தாலாட்டு, வயிற்றில் ஏழு மாதமாக இருந்த இவளுக்காக நீ கட்டிய பாட்டு.

டப்பாவை ஏன் இன்றைக்குத் திறந்தேன் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பி.ஏ. முதல் வருஷம், ஹாஸ்டல் விழாவில் ஒரு பெண் தானே எழுதிய பாட்டைப் பாடினாள். எப்படி இருந்தது என்று என்னிடம் வந்து கேட்டாள். சந்தமும் இல்லை, சங்கதியும் இல்லை என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அதற்குப் பிறகு பாடவே இல்லை. நீ அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் துணி துவைக்கிற கல்லடியில் வைத்துத்தான் பேசினாய். “ஏட்டி, ஒருத்தி பாட்டைக் கேக்கணும்னா மொதத் தடவ கையில வேலைய வச்சிக்கிட்டுக் கேளு. மறுநாளு எந்த வரி ஒன் வாயில நிக்குதோ, அத அவகிட்ட சொல்லு. நல்லதச் சொல்லு, ஆனா பொய் சொல்லாத. குத்தம் பட்டுச்சுன்னா கேள்வியா கேளு. கேள்வின்னா அவ பதில் சொல்லலாம். தீர்ப்புன்னா அழத்தான் முடியும்.”

உன்னை வடகரையில் கொடுத்தார்கள், என்னைத் தென்காசியில். எனக்கு வாய்த்தவர் ரேடியோ, மைக்செட் கடைக்காரர். உனக்குக் கொழும்பிலிருந்து டேப் ரிக்கார்டரே வந்தது. வீட்டுக்காரருக்குக் குரல்கடிதம் அனுப்புவதற்கென்று வந்த மெஷினில் நீ பாட்டைப் பதிந்து பஸ்ஸில் எனக்கு அனுப்பத் தொடங்கினாய். கண்டக்டர் அந்த வட்ட பிஸ்கட் டப்பாவைத் தன் சீட்டுக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்து, “அக்கா, இன்னைக்கும் பாட்டுதானா? பலகாரம் ஒண்ணும் கெடையாதா?” என்று கேட்டுக்கொண்டே கடையில் கொடுப்பார். நான் கேட்டுவிட்டு, ஒரு சீட்டில் என் குறிப்பை எழுதி, அதே டப்பாவில் திருப்பி அனுப்புவேன். உன் பாட்டில் கிணற்று ராட்டினம் கிரீச்சிடும். தென்னை மட்டை விழும். உன் அத்தை அடுப்படியிலிருந்து, “பாலு பொங்குது, பாடிக்கிட்டு நிக்கா பாரு” என்பாள். அவள் குரல் விழுந்த இடத்தை மாற்றாதே, தாளத்தில்தான் விழுந்திருக்கிறது என்று எழுதினேன். அதை அத்தைக்குப் படித்துக் காட்டினாயாம்.

ஊரில் பாட்டு எழுதுகிறவர்கள் அத்தனை பேர் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? கடை மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பதிந்து, திருப்பிக் கொடுக்கும்போது தயங்கித் தயங்கி நிற்பார்கள். என் வீட்டுக்காரர், “எங்க வீட்டுல பி.ஏ. இருக்கா. கேட்டுச் சொல்லுவா” என்று அனுப்பி வைப்பார். அவர்களுக்கும் சீட்டு எழுதினேன்.

ஒரு ஆடி மாதம் நீ சாரலுக்கு வந்திருந்தாய். குற்றாலத்தில் ஒரு விடுதியின் மேனேஜர், அருவியை ஒட்டிய பின்கட்டு அறையில் தான் பதிந்த பாட்டைக் கொண்டுவந்தார். சுருளைப் போட்டால் ஒரே இரைச்சல். அதற்குள் எங்கேயோ ஒரு மனிதர் பாடுவது போல இருந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “இது பாட்டா, வடச் சட்டியா?” என்றார். பாட்டே கேட்கவில்லை என்று எழுதப்போனேன். நீ பென்சிலைப் பிடுங்கி எழுதினாய்: ‘அண்ணாச்சி, அருவி உங்களோடு பாடுகிறதா, உங்களுக்கு எதிராகப் பாடுகிறதா?’

பத்து நாள் கழித்து அந்த மனிதர் வந்தார். இந்தத் தடவை இலஞ்சியில் தன் வீட்டில் வைத்துப் பதிந்திருந்தார். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டிருந்தார். “அங்கன அருவிக்கு எடம் விட்டிருக்கேன் தாயி. அந்தக் கேள்விய வச்சிக்கிட்டு மூணு நாளு சோறு எறங்கல” என்றார். நீ சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாய். அவர் போனபிறகு என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினாய்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான்.

உன் தாலாட்டு வந்தபோது எனக்கு முதுகுவலி, வாந்தி, எதைப் பார்த்தாலும் பயம். கையில் வேலையை வைத்துக்கொண்டு கேட்கவில்லை. நேரே பென்சிலோடு உட்கார்ந்தேன்.

சாரலே நீ மெல்ல வா
சன்னல் ஓரம் நின்னு வா
கொல்லைத் தென்னை ஓலையெல்லாம் கூடி நின்னு விசிறி வீச
கண்ணு மூடு செல்லமே

மூன்றாவது வரியில், ‘கூடி நின்னு’ என்ற இடத்தில் நீ மூச்சு வாங்கினாய். நான் எழுதினேன்: ‘மூன்றாவது வரி நீளம். நடுவில் மூச்சு வாங்குகிறது. குறைக்கவும்.’ நீ குறைத்து அனுப்பினாய்: ‘தென்னை ஓலை விசிறி வீச.’ அதன் முடிவிலும் மூச்சு வாங்கியது. ‘இன்னும் நீளம்’ என்று எழுதினேன். மூன்றாவது தடவை ‘ஓலை வீச’ என்று இரண்டே சொல் பாடியிருந்தாய். ‘இப்போதுதான் சரியாக இருக்கிறது’ என்று எழுதி, இந்தத் தடவை சீட்டை மட்டும் அனுப்பிவிட்டு, சுருளை டப்பாவோடு வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.

மூன்று சீட்டு. ஒன்றில்கூடக் கேள்வி இல்லை.

பதினாறு நாள் கழித்துக் கண்டக்டர் கடைக்கு வந்தார். கையில் புது டப்பா எதுவும் இல்லை. உனக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இருதயத்தில் கோளாறு, வெகுநாளாக உள்ளேயே இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. வயிற்றுப் பிள்ளையோடு துக்க வீட்டுக்குப் போகக்கூடாது என்று எல்லோரும் தடுத்தார்கள். நான் கேட்கவில்லை. உன் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மச்சுப்படி நாலு ஏறுனா நின்னுக்கிடுவா. என்னட்டி இப்படி எரைக்குதேன்னு கேப்பேன். ‘வரி நீளம் அத்தை, அவளே எழுதியிருக்கா பாருங்க’ன்னு ஒன் சீட்டக் காட்டிச் சிரிப்பா. படிச்ச பிள்ள எழுதியிருக்கே, பாட்டு பாடித்தான் எரைக்குது போலன்னு நானும் விட்டுட்டேன்.”

அவள் என்னைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. உன்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு உன் மூச்சை மட்டும் கேட்டவள் நான் ஒருத்தி. கேட்டேன், எழுதியும் வைத்தேன். வரியைக் குறைக்கச் சொன்னேன்.

அதிலிருந்து என் காதை என்னால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் பயமாயிருக்கிறது. இவள் பிறந்த நாளிலிருந்து மூச்சைக் கேட்பதே எனக்கு வேலை. மூக்கடைத்தால் டாக்டரிடம் ஓடினேன், கொட்டாவி விட்டால் ஓடினேன். ஐந்தாவது தடவை டாக்டர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, “பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. அவுங்களத் தூங்கச் சொல்லுங்க” என்றார். அக்கம்பக்கத்தில் எனக்கு ‘மூச்சுக்காரி’ என்று பெயர்.

பத்து நாளாகச் சாரல். குழந்தைக்குச் சளி. ஆனால் சளிக்கு அடியில் வேறொன்று கேட்கிறது. மூன்று நாளாகக் கேட்கிறது. சொன்னால் யார் நம்புவார்கள்? இன்று மத்தியானம் அவரிடம் சொன்னேன். ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். “வாயால சொல்லாத. பதிஞ்சு கேட்டுருவோம். ஒனக்கு அப்படித்தானே கேக்கத் தெரியும்” என்றார். மெஷினை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். கடையில் இருந்த சுருள் எல்லாவற்றிலும் யார் யாருடைய கல்யாணமோ பதிந்திருந்தது. “பழசு ஏதாவது எடு” என்றார். அப்போதுதான் உன் டப்பாவை எடுத்தேன். உன் பாட்டு முடிந்தபிறகு நாடா நிறைய மிச்சம் இருந்தது.

பாட்டின் முடிவைக் கண்டுபிடிக்க உன்னைப் போட வேண்டியிருந்தது. போட்டோம். ராட்டினம், அத்தை, நீ. ‘ஓலை வீச’ முடிந்து மூச்சு வாங்கினாய். அவர் சட்டையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைத் தட்டிக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.

அதற்கு அடுத்து மைக்கைத் தொட்டிலுக்குள் பிடித்தோம். மெஷினில் சத்தத்துக்கு ஏற்ப மூடித் திறக்கும் அந்தப் பச்சைக் கண் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பாடினால் ஒரேயடியாக மூடிக்கொள்ளுமே. இவள் மூச்சுக்கு அது இமை துடிக்கிற அளவுதான் அசைந்தது. அசையும், நிற்கும், அசையும். நிற்கும் நேரமெல்லாம் என் மூச்சும் நின்றது. பத்து நிமிஷம் பதிந்தோம்.

மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை பூண்டு உரித்துக்கொண்டு. பிறகு சீட்டு எழுதினேன். ‘நன்றாக இருப்பது: வெளியே விடும் மூச்சு சீராக இருக்கிறது. அழும்போது குரல் முழுதாக வருகிறது. கேள்வி: இடப்பக்கம் படுத்தால், உள்ளே இழுக்கும் மூச்சின் முடிவில் நாலுக்கு ஒன்று தட்டிக்கொண்டு நிற்பது ஏன்? பால் குடித்த உடனே அது அதிகமாவது ஏன்?’ அவ்வளவுதான். காரணம் எழுதவில்லை. மருந்து எழுதவில்லை. இருதயம் என்ற வார்த்தையை எழுதக் கை துடித்தது, எழுதவில்லை.

சாயந்திரம் டாக்டரிடம் போனபோது சீட்டை நீட்டினேன். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு தடவை படித்தார். குழந்தையை இடப்பக்கமாகப் படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

“இத நீங்க எப்படிக் கேட்டீங்க?” என்றார்.

“மெஷின்ல பதிஞ்சு கேட்டோம் சார்” என்றார் என் வீட்டுக்காரர்.

“நாளைக்கே பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்க. படம் எடுத்துப் பாத்துருவோம். ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்மா. ஆனா பாத்துருவோம்.”

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். சாயந்திரத்திலிருந்து இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திரும்பி வரும்போது அவர் வழியெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். என்னிடம் கொடுக்கவே இல்லை. இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை என்று அவர் மூச்சே சொல்கிறது.

உன் மூச்சும் இவள் மூச்சும் ஒரே நாடாவில் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பையில் இரண்டு கவுன், வெந்நீர் பிளாஸ்க், டாக்டர் கடிதம், என் சீட்டு எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் யார் சிரித்தாலும் அந்தச் சீட்டைப் படித்துக் காட்டுவேன். நீ கல்லடியில் வைத்துக் கொடுத்ததில் என்னிடம் மிச்சம் இருப்பது அதுதான்.

உனக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும். தாமதமாகிவிட்டது. பழைய மூன்றையும் அடுப்பில் போட்டுவிடு.

உன் தாலாட்டு கேட்டேன். வாயில் நிற்கிற வரி: சன்னல் ஓரம் நின்னு வா. நன்றாக இருப்பது: நடுவில் அத்தை வருவது. முதலில் நீ எழுதிய நீளமான மூன்றாவது வரிதான் நல்ல வரி, அதையே வைத்துக்கொள். ஒரே ஒரு கேள்வி. ‘கூடி நின்னு’ என்ற இடத்தில் உனக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

சீக்கிரம் பதில் போடு.