ஓடை மணலுக்கு நீ சுமந்த குட்டி

இன்று காலை பக்கத்து வீட்டில் யாரோ விளக்கெண்ணெயைச் சூடு பண்ணினார்கள். அந்த வாசனை வந்ததும் ஏரைப் பூட்டாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். நமக்குக் கல்யாணமான மறுவருஷம், உன் அம்மா வீட்டிலிருந்து ஒரு நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்திறங்கினாய். கால்கள் நீளம், பாதங்கள் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிசு. முயல் பிடிக்கிற சாதி என்று ஊரே வந்து பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு மாதக் குட்டியை வண்டிக்குப் பின்னால் கட்டி நாமகிரிப்பேட்டைச் சந்தை வரைக்கும் ஓட்டிப்போனேன். வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்ட, இடுப்புயரக் கல்சுவரைத் தாண்டவைத்தேன்.

"ஏனுங்க, அதுக்கு எலும்பு இன்னும் எளசுங்க. தானா வெளையாடுனா களைச்சதும் படுத்துக்கும். நீங்க வண்டியில கட்டி இழுத்தா எப்புடீங்க நிக்கும்?" என்றாய்.

"ஓடுனாத்தான் காலு உறுதிப்படும். உனக்கென்ன தெரியும்?" என்றேன். பிறந்த வீட்டில் நாய்களோடு வளர்ந்தவள் நீ. தெரியாதவன் நான்தான்.

மாசியில் ஒரு மத்தியானம், களத்தில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, சுவரைத் தாண்டிய குட்டி கட்டாந்தரையில் விழுந்து கத்தியது. முன்னங்கால் மூட்டு சற்று நேரத்தில் வீங்கிவிட்டது. யாரோ சிரித்தார்கள். எனக்கு அவமானம் கோபமாக மாறியது. "நொண்டி நாயை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று அதைக் கொன்றுவிடக் கயிற்றை எடுத்தேன். நீ குறுக்கே வந்து நின்றாய். அப்போது உனக்கு ஆறு மாதம்.

அன்றிலிருந்து தினமும் விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி மூட்டுக்குத் தடவி, குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனாய். மணலில் இறக்கிவிடுவாய். பத்தடி நடந்து அது படுத்தால் நீயும் பக்கத்தில் உட்காருவாய். அது எழுந்தால்தான் எழுவாய். திரும்பும்போதும் தூக்கிக்கொண்டுதான் வருவாய், வாசற்படியைக்கூட ஏறவிடமாட்டாய். அது வளர வளரக் கனம் கூடியது. உன் வயிறும் பெரிதாகிக்கொண்டு வந்தது. ஒரு நாளும் என்னைத் தூக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், நொண்டிக் குட்டியைச் சுமந்துகொண்டு நான் தெருவில் நடந்திருக்கமாட்டேன்.

எட்டாம் மாதமே வலி கண்டது. குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. குட்டியைத் தூக்கினதால்தானா என்று மருத்துவச்சியிடம் தனியாகக் கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க சாமி" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள், காய்ச்சலுக்கு நடுவே கண்ணைத் திறந்தாய்.

"குட்டியை மணலுக்குத் தூக்கிட்டுப் போனீங்களா?"

"போனேன்" என்றேன்.

"அப்பச் சரிங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

நான் போகவில்லை. ஐந்து நாளும் அது கட்டின இடத்திலேயே கிடந்தது.

உன்னை அடக்கம் பண்ணிய மறுநாள் காலையில்தான் முதல்முறையாக அதைத் தூக்கினேன். ஏர் பிடித்துக் காய்த்த கை என்னுடையது. ஆனாலும் ஓடைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தேன்.

அந்த நாய் ஒன்பது வருஷம் விந்தி விந்தி நடந்து, வயதாகிச் செத்தது. இப்போதும் அந்த வழியில் போனால், நீ எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கியிருப்பாய் என்று பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேன்.