பதினான்காவது வாரம்

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் ஐந்து பண்ணைகள். பால் லாரியின் தொட்டிக்குள் பால் ஏறி முடியும் வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும், பண்ணைக்கு இருபது நிமிடம். அந்த நேரத்தில் போன வருடம் என் அணியில் இருந்த ஃபொன்டேன் என்ற ஆட்டக்காரன் எடுத்த புள்ளிகளை வாரவாரியாக நோட்டில் எழுதினேன். 34, 3, 2, 31, 4, 0, 29.

சராசரி கிட்டத்தட்ட பதினைந்து. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. இந்தச் சராசரியை நம்பித்தான் இரண்டு வருடம் நாசமாய்ப் போனேன்.

கவுன்சிலிங் அம்மாள் தினமும் எழுதச் சொன்னாள். விளையாட்டே தெரியாத ஒருவருக்குச் சொல்வது போல எழுதுங்கள் என்றாள். அவளுக்கு அமெரிக்க ஃபுட்பால் தெரியாது. விஸ்கான்சினில் அப்படியும் ஒரு ஜீவன்! சரி, அவளுக்காக: எங்கள் லீக்கில் பத்துப் பேர், ஆளுக்கொரு கற்பனை அணி. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை டிராஃப்ட். அன்று நிஜ ஆட்டக்காரர்களை முறை வைத்து எங்களுக்குள் பிரித்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவன் பந்தைப் பிடித்து எவ்வளவு தூரம் ஓடுகிறானோ, அது நம் புள்ளி. ஒவ்வொரு வாரமும் இருவர் இருவராக மோதுவோம், கூடுதல் புள்ளி எடுத்தவனுக்கு வெற்றி. தூரமாக ஓடிப் போய்ப் பந்தைப் பிடிக்கிறவன் ரிசீவர். என் தலையெழுத்து எப்போதும் ரிசீவர்கள் கையில்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கார்டி போன் செய்தான். என் முன்னாள் மனைவி ரோண்டாவின் அண்ணன். லீக்கை நடத்துகிறவன், டிராஃப்ட் நடப்பதும் அவன் கராஜில்தான். விவாகரத்து ஆகி மூன்று வருடம் ஆகியும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறான்.

"மச்சான், விதி ஞாபகம் இருக்குல்ல? ரெண்டு வருஷமா கடைசி நீதான். மூணாவது தடவையும் கடைசின்னா நாற்காலி போயிடும். கர்டிஸோட தம்பி ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்."

கர்டிஸ் யார் என்று எழுத வேண்டுமா? ரோண்டாவின் இப்போதைய கணவன். நல்லவன். அதுதான் எரிச்சல்.

பத்து மடக்கு நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கரில் பெயர். ஞாயிறு மதியம் குடும்பமே அங்கே கூடும். ப்ரிட்டாவும் வருவாள். என் மகளை நான் பார்ப்பது அங்கே மட்டும்தான். பதினாறு வயது, என் வீட்டுக்கு வர அவளுக்கு இஷ்டமில்லை, நீதிமன்றமும் வற்புறுத்தவில்லை. லீக்கில் இல்லையென்றால் அந்த கராஜில் நான் எந்த உறவில் போய் உட்காருவது? பழைய மாப்பிள்ளையாகவா?

நாற்காலி போனால் ப்ரிட்டாவும் போச்சு. அவ்வளவுதான் விஷயம்.

ஆகஸ்ட் 17, சனி

முறையைக் கண்டுபிடித்துவிட்டேன். சராசரியைப் பார்க்கவே கூடாது. பத்துப் புள்ளிக்கு மேல் எத்தனை வாரம் எடுத்தான், ஐந்துக்குக் கீழே எத்தனை வாரம் விழுந்தான் — இந்த இரண்டு எண்கள் போதும். இன்னொன்று: எத்தனை பந்தைப் பிடித்தான் என்பதை விட, அவனை நோக்கி எத்தனை பந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பிடிப்பதில் அதிர்ஷ்டமும் உண்டு. பந்து தேடி வருவது அவன் மேல் அணி வைத்த நம்பிக்கை.

ரிசீவர் ஆஸ்குட்: 12, 14, 11, 13, 12. என்ன மனிதன்! மார்லோவும் டன்ஸ்டனும் இதே ரகம். பசு மாதிரி. வேளைக்கு வேளை, சொன்ன அளவு.

ஆடாத வாரங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லா அணிக்கும் பருவத்தில் ஒரு வாரம் ஓய்வு. அந்தப் பூஜ்யத்தைச் சேர்த்தால் கணக்கு அசிங்கமாகிறது. மொத்தமாக அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ரோண்டாவுக்கு போன் செய்தேன், ப்ரிட்டா எடுத்தாள். பள்ளி வாலிபால் அணியில் இடம் கிடைத்துவிட்டதாம். சனிக்கிழமை காலை முதல் ஆட்டம்.

"வருவியா?" என்றாள்.

"கண்டிப்பா."

"போன வருஷமும் கண்டிப்பான்னுதான் சொன்ன."

ஃபொன்டேனைப் பற்றிச் சொல்லி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். இவனை நம்பி மோசம் போனேன், ஒரு நாள் முப்பது, அப்புறம் மூணு வாரம் ஆளே காணோம் என்றேன். "அது நீதாம்பா" என்றாள். சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

டிராஃப்ட். நினைத்தது நடந்தது!! ஆஸ்குட், மார்லோ, டன்ஸ்டன் — மூவருமே எனக்கு. ஃபொன்டேனை கர்டிஸ் எடுத்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சுவர் முழுக்கப் பெரிய பலகை. யார் யாரை எடுக்கிறார்களோ அவன் பெயர் அச்சடித்த ஸ்டிக்கரை எடுத்து ஒட்டுவது ப்ரிட்டாவின் வேலை, எட்டு வயதிலிருந்து. டன்ஸ்டன் ஸ்டிக்கரை ஒட்டும்போது அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள்.

காலை ஆட்டத்துக்குப் போக முடியவில்லை. டிராஃப்டில் யார் யாரை எடுப்பது என்ற பட்டியலில் கடைசி நேரத் திருத்தம் இருந்தது. பத்து மணிக்குக் கிளம்பலாம் என்று நினைத்தேன், நிமிர்ந்து பார்த்தால் பன்னிரண்டு. அடுத்த ஆட்டத்துக்குப் போக வேண்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

முதல் வாரம். நான் 101. எதிராளி 104. பரவாயில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

98–103. 102–109. 99–100. ஒவ்வொரு வாரமும் என் ஆட்கள் சொன்ன சொல் தவறாமல் சொன்ன அளவு எடுக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் எதிரே எவனோ ஒருவனுக்கு வாழ்நாளில் சிறந்த நாளாக அமைகிறது. இது என்ன சாபம்?

கார்டி தட்டில் சாசேஜை வைத்தபடி சொன்னான்: "மச்சான், உன் அணி உப்புப் போடாம வேகவச்ச உருளைக்கிழங்கு. யாருக்கும் வயிறு வலிக்காது. யாரும் ரெண்டாவது தடவை கேக்கவும் மாட்டாங்க." எல்லோரும் சிரித்தார்கள். ப்ரிட்டாவும் சிரித்தாள். அவள் சிரித்ததால் எனக்குக் கோபமில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

இரண்டு வெற்றி, ஐந்து தோல்வி.

ப்ரிட்டாவின் இன்னொரு ஆட்டமும் போயிற்று. வியாழக்கிழமை. லாரி டயர் பஞ்சர் — இது பொய்யில்லை, நிஜமாகவே பஞ்சர். ஆனால் அவளிடம் சொன்னபோது எனக்கே பொய் மாதிரிதான் கேட்டது.

நவம்பர் 24, ஞாயிறு

மான் வேட்டை சீசன், கராஜில் பாதி நாற்காலி காலி. நான் போனேன். ப்ரிட்டா வந்திருந்தாள். இருவரும் ஒரே சிப்ஸ் பாக்கெட்டைத் தின்றோம். முக்கால் மணி நேரம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இதற்காகத்தானே எல்லாம்.

டிசம்பர் 1, ஞாயிறு

நானும் கர்டிஸும் ஆளுக்கு நான்கு வெற்றி. பட்டியலின் அடியில் நாங்கள் இருவர் மட்டும். வருகிற ஞாயிறு, பதினான்காவது வாரம், லீக்கின் கடைசி ஆட்டம் எனக்கும் அவனுக்கும். தோற்கிறவன் கடைசி. அவனுக்கு அது வெறும் கேலி. எனக்கு?

பயப்படாதே டாரல். இந்த மாதிரி நாளுக்காகத்தானே கணக்குப் போட்டாய். நம்பகமான ஆட்கள் மூன்று பேர் கையில் இருக்கிறார்கள்.

டிசம்பர் 3, செவ்வாய்

கடவுளே.

மூன்று பேருக்கும் அந்த வாரம் ஓய்வு. மூன்று பேருக்கும்! வெவ்வேறு அணி, ஒரே ஓய்வு வாரம். வெவர்காவின் பண்ணையில் லாரி பக்கத்தில் நின்று இந்த ஞாயிறுக்கான அணியைப் பூர்த்தி செய்யலாம் என்று போனை எடுத்தால் ஆஸ்குட் பெயருக்கு எதிரே ஆட்டமே இல்லை. மார்லோ, இல்லை. டன்ஸ்டன், இல்லை. தொட்டி நிறைந்து வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை, வெவர்கா கத்தினார்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பதினேழு பக்கம் கணக்கு. ஓய்வு வாரத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. நானே அடித்துவிட்டேன். கணக்கு அசிங்கமாகுதாம்! எட்டு வருஷமா இந்த ஆட்டம் ஆடுறவன் செய்யுற காரியமா இது? புதுசா வந்தவன்கூட முதல்ல அதைத்தானேடா பார்ப்பான்?

டிசம்பர் 5, வியாழன்

ஒன்பது பேரையும் கூப்பிட்டேன். யாராவது ஒரு ரிசீவரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். ஆள் மாற்றும் கெடு போன மாதமே முடிந்துவிட்டது என்று எனக்கே தெரியும். கார்டியிடம் இந்த ஒரு தடவை மட்டும் என்றேன்.

"உனக்குத் தளர்த்தினா எல்லாருக்கும் தளர்த்தணும், டாரல்."

டாரல் என்றான். மச்சான் என்று சொல்லவில்லை.

யாரும் எடுக்காமல் மிச்சமிருந்த மூன்று ரிசீவர்களைப் பொறுக்கிப் போட்டிருக்கிறேன். ஒருவனுக்கு முழங்கால் சரியில்லை. இன்னொருவனின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

தோற்றேன். 88–97. ஃபொன்டேன் மட்டும் 36. அவன் கடைசியாகப் பிடித்த பந்து, அந்த ஐம்பது கெஜ ஓட்டம், அது இல்லையென்றால் நான் ஜெயித்திருப்பேன். கராஜில் யாரும் கத்தவில்லை. கர்டிஸ் என் கையைப் பிடித்து "ஸாரிங்க" என்றான். அவன் கொண்டாடியிருந்தாலாவது அவனை வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

வண்டிக்குப் போனேன். ப்ரிட்டா கோட்டுகூடப் போடாமல் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அப்பா, நான் அன்னைக்கே பார்த்தேன்."

"எதை?"

"ஸ்டிக்கர் மூலையில ஓய்வு வாரம் போட்டிருக்கும்ல. மூணுலயும் பதினாலு. ஒட்டும்போதே பார்த்தேன். சொல்லல."

"ஏம்மா?"

"அன்னைக்குக் காலைல என் ஆட்டத்துக்கு நீ வரல. மூணாவது வரிசையில உனக்கு ஒரு சீட்டு பிடிச்சு என் பையை வச்சிருந்தேன். கடைசி வரைக்கும் பை மட்டும்தான் உக்காந்திருந்தது." அழ ஆரம்பித்தாள். "என்னாலதான் உனக்கு நாற்காலி போச்சு."

என் கோட்டைக் கழற்றி அவள் மேல் போட்டேன். உன்னால் இல்லை, உன்னால் இல்லை என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். வீடு வந்து சமையலறையில் நின்று வாய்விட்டு அழுதேன்.

டிசம்பர் 9, திங்கள்

வராத வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது ஆஸ்குட்டுக்கு மட்டுமா? என்னைப் பற்றி நானே போட்ட கணக்கும் அப்படித்தான். அவளோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போன நாள், பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கித் தந்த நாள் — அதையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து, நல்ல அப்பன் என்று எழுதி வைத்திருந்தேன். காலி நாற்காலியில் பை உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அடித்துவிட்ட கட்டத்தில் கிடக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

போக ஓரிடமில்லை. ஒரு மணி ஆனதும் கால் தானாகச் சாவியைத் தேடிப் போகிறது. துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி போட்டுத் துவைத்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

இதுவும் போயிற்று.

ஜனவரி 6, திங்கள்

ரோண்டாவிடம் கேட்டேன். ப்ரிட்டாவுக்கு வாலிபால் பயிற்சி, மே மாதம் வரை செவ்வாய்தோறும் பக்கத்து ஊரில். நான் கூட்டிக்கொண்டு போகட்டுமா?

ரோண்டா சொன்னாள்: "ஒரு தடவை நீ தவறினாலும் அவ பனியில நிப்பா, டாரல். தெரியுமில்ல?"

"தெரியும்."

"நாலு வாரம் பாக்கறேன்."

ஜனவரி 14, செவ்வாய்

பதினைந்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றேன். அவள் ஏறினாள். போகும்போதும் வரும்போதும் காதில் இயர்போன். சரி.

பிப்ரவரி 4, செவ்வாய்

நான்காவது வாரம். சாலையெல்லாம் பனிக்கட்டி, மைனஸ் இருபது. வெவர்காவின் பண்ணையில் லாரி மக்கர் செய்து அங்கேயே மாட்டிக்கொண்டேன், வீட்டுக்குப் போய் என் வண்டியை எடுக்க நேரமில்லை. மெக்கானிக்கிடம் கத்தினேன், வெவர்காவிடம் கத்தினேன், கடைசியில் அவர் பிக்கப் வண்டியையே வாங்கிக்கொண்டு போனேன். மாட்டுச் சாண வாடை. ப்ரிட்டா மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினாள். "இது என்னப்பா வண்டி?" ஒரு காதில் இயர்போன் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

போனேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கார்டி போன் செய்தான்.

"மச்சான், கர்டிஸோட தம்பி மினசோட்டாவுக்கு வேலை மாத்திட்டான். ஒரு இடம் காலி. உன் நாற்காலிய நான் தூக்கிப் போடல, கராஜ்ல மேல கட்டித்தான் வச்சிருக்கேன். சனிக்கிழமை பத்து மணி டிராஃப்ட். வந்துடு."

பொய் சொல்ல மாட்டேன். அந்த நிமிடமே இந்த வருடம் யார் யார் நன்றாக ஓடுகிறார்கள் என்று மனம் வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டது. ஓய்வு வாரத்தோடு சேர்த்துத்தான்.

"சனிக்கிழமை ப்ரிட்டாவுக்கு வாசா ஊர்ல வாலிபால் ஆட்டம்" என்றேன்.

"ஒரு நாள்தானடா? ஒரு ஆட்டத்துக்குப் போகலன்னா என்ன ஆயிடும்?"

"நானும் அப்படித்தான் கேட்டுக்கிட்டிருந்தேன், கார்டி."

கார்டி, சரி, நாற்காலி அங்கேயே தொங்கட்டும் என்று போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் ப்ரிட்டாவிடமிருந்து செய்தி வந்தது: 'சனிக்கிழமை காலைல ஆறு மணி. சாண வண்டி வேண்டாம். என் முழங்கால் பேட் உன் பின் சீட்ல கிடக்கு, எடுத்து வை.'

மூன்று தடவை படித்தேன். வருவியா என்று கேட்கவே இல்லை.