ஆல்டர்ஃபோர்டு குவேக்கர் பள்ளிக்கூடத்தை இடிக்கும் உத்தரவை நிறுத்திவைக்கக் கோருதல்

அனுப்புநர்:
செல்வி ஓரா பெட்டிஃபோர்டு,
பாலர் வகுப்பு ஆசிரியை,
நண்பர்கள் பள்ளிக்கூடம், கிரீக் சாலை,
ஆல்டர்ஃபோர்டு, டாமரக் மாவட்டம், இந்தியானா.

பெறுநர்:
திரு. வெண்டல் கிராட்ஸ் அவர்கள்,
மாவட்டச் சாலை ஆணையர்,
டாமரக் மாவட்டம்.

பொருள்: கிரீக் சாலையை அகலப்படுத்துவதற்காகப் பள்ளிக்கூடத்தை இடிக்கும் உத்தரவு – மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பள்ளிக்கூடம் குவேக்கர் என்ற கிறித்தவச் சபையார் கட்டியது. அவர்கள் தங்களை ‘நண்பர்கள்’ என்று சொல்லிக்கொள்பவர்கள். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் அல்ல, மெதடிஸ்ட். ஆனால் நானும் என் தந்தையும் அவருடைய தந்தையும் எழுத்துக் கற்றது அந்தக் கட்டடத்தில்தான். இப்போது அங்கே பாலர் வகுப்பு நடத்திவருகிறேன்.

2. சென்ற மாதம் நண்பர்கள் தங்களுக்கு எழுதிய கடிதத்தில் ‘நண்பர் வெண்டல்’ என்று தொடங்கியிருந்தது தங்களுக்கு வருத்தம் தந்ததாகக் கேள்விப்பட்டேன். அது அவமரியாதை அல்ல. அவர்கள் யாருக்கும் பட்டம் சேர்த்துச் சொல்வதில்லை. ஜனாதிபதிக்கே கடிதம் எழுதினாலும் வெறும் பெயரைத்தான் எழுதுவார்கள். இந்த மனுவில் ‘ஐயா’ என்று நான் எழுதுவதைப் பார்த்தே ஒரு நண்பர் முகம் சுளித்தார். தாங்கள் பொருட்படுத்த வேண்டாம்.

3. ஆகஸ்ட் 23ஆம் தேதி தாங்கள் தலைமை வகித்த பொது விசாரணையில், பள்ளிக்கூடத்தை இடிப்பது குறித்து, “யாருக்காவது ஆட்சேபணை இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க” என்று கேட்டீர்கள். முன்வரிசை முழுவதும் நண்பர்கள் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தாங்கள் சற்றுக் காத்திருந்து, “ஆட்சேபணை இல்ல” என்று சுத்தியலைத் தட்டி, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். சட்டப்படி அதில் பிழை இல்லை. ஆனால் அங்கே நடந்தது வேறு.

4. அன்று என்னால் வர முடியவில்லை. தக்காளி ஆலையில் வரத்து அதிகமான வாரம். ஒரு தாய் வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது. அவள் குழந்தையைத் தனியே விட்டுவிட்டு வர மனமில்லை. மறுநாள் சேதி தெரிந்ததும் சபையின் செயலாளர் ஆமோஸ் ஹின்ஷா வீட்டுக்கு நேரே போய், “அத்தனை பேரும் போயிருந்தீங்களே, வாய்க்குப் பூட்டா போட்டிருந்துச்சு?” என்று கத்தினேன். ஆமோஸ் கோபப்படவில்லை. “எந்திரிக்கத்தான் போனேன், ஓரா. சொல்ல வேண்டியது மனசுல கூடி வந்துகிட்டிருந்துச்சு. அதுக்குள்ள வெண்டல் தட்டிட்டாரு” என்றார். அவர் மனைவி மேபல், “இவருக்குச் சொல்லு கூடி வர்றதுக்குள்ள ரோடு போட்டு, கோடும் போட்டு, அதுல காரும் ஓடிரும்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5. ஐயா, நண்பர்களிடம் முக்கியமான எதைக் கேட்டாலும் முதலில் மௌனமாக உட்காருவார்கள். யாருக்குப் பேசத் தோன்றுகிறதோ அவர் எழுந்து பேசுவார். அவர்களிடம் வாக்கெடுப்பு கிடையாது. ஒருவர் மனம் ஒப்பாவிட்டாலும் காரியம் நிற்கும். தங்களுடைய விசாரணையிலும் அதே பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். சாலைத் துறைக் கூட்டத்தில் அப்படி உட்காரக்கூடாது என்பது இந்த அப்பாவி மனிதர்களுக்கு உறைக்கவில்லை. அது அவர்கள் தவறுதான்.

6. அந்தப் பள்ளிக்கூடமே இந்தப் பழக்கத்தில் எழும்பியதுதான். 1851இல் நண்பர்கள் அதற்கு அடித்தளம் போட்டார்கள். அரசுப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லாத காலம் அது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரலாமா என்ற கேள்வி எழுந்தபோது, ஜோசையா ஹின்ஷா என்பவர் மட்டும் ஒப்பவில்லை. இவர் ஆமோஸின் பாட்டனார். சுவர் முழங்கால் உயரத்தில் நின்றுபோனது. அவரை யாரும் ஏசவில்லை, ஒதுக்கவில்லை. மாதம் ஒருமுறை கூடி, மௌனமாக இருந்து, வீட்டுக்குப் போனார்கள். கறுப்பினத்தவரான என் கொள்ளுத்தாத்தா கேலப் செங்கல் வண்டியோடு ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, வெளியே நின்று, இறக்காத செங்கலோடு திரும்புவாராம். இரண்டு பனிக்காலம் கழிந்தபின் ஜோசையா ஒருநாள் எழுந்து, “மனசுல இருந்த முடிச்சு அவுந்துருச்சு. கேலப்பை உள்ள கூப்பிடுங்க” என்றார். அன்றிலிருந்து பெஞ்சு ஒன்றுதான்.

7. தங்கள் பொறியாளர் தம் அறிக்கையில், சுவரின் கீழ்ப்பகுதி ஒரு நிறமாகவும் மேற்பகுதி வேறு நிறமாகவும் இருப்பதால் ‘பழுதுபார்க்கப்பட்ட பலவீனமான கட்டடம்’ என்று குறிப்பிட்டிருக்கிறார். அது பழுது அல்ல. காத்திருந்த காலத்தில் செங்கல் சூளை மாறிவிட்டது. சுவர் உறுதியாகவே இருக்கிறது. தாங்களே வந்து தட்டிப் பார்க்கலாம்.

8. இப்போது அங்கே இருப்பவர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அவர்களின் தாய்மார், கறுப்பர் வெள்ளையர் இருவருமே, தக்காளி ஆலையில் வேலை செய்கிறார்கள். விடியற்காலையில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போக ஆல்டர்ஃபோர்டில் வேறு இடமில்லை. கட்டடம் போனால் அந்தப் பெண்களுக்கு வேலையும் போகும்.

9. நண்பர்கள் ஏன் இந்த மனுவில் கையெழுத்திடவில்லை என்று தாங்கள் கேட்கலாம். அவர்களில் தாமஸ் கிலிங்கம் என்பவரின் மகன், பள்ளிக்கூடத்தை ஒட்டிய சாலை வளைவில் லாரி கவிழ்ந்து இறந்தவன். “ரோடு அகலமாகணும்னுதான் எனக்கும் தோணுது” என்கிறார் தாமஸ். அவர் மனம் ஒப்பும்வரை சபை கையெழுத்திடாது. மனு கொடுக்கும் கெடு வெள்ளிக்கிழமை முடிகிறது. எனக்கு அவர்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆனாலும் தாமஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்? எனவே நான் மட்டும் கையெழுத்திடுகிறேன்.

10. தாமஸ் சொல்வதிலும் நியாயம் உண்டு. வளைவு ஆபத்தானதுதான். சாலையின் மறுபுறம், ஓடைப் பக்கம், மாவட்டத்துக்குச் சொந்தமான பழைய எடைமேடைக் கொட்டகை காலியாகக் கிடக்கிறது. அந்தப் பக்கம் சாலையை அகலப்படுத்தினால் வளைவும் நேராகும், பள்ளியும் நிற்கும். இதைப் பரிசீலிக்குமாறும், அதுவரை இடிப்பதை நிறுத்திவைக்குமாறும், விசாரணையை மீண்டும் நடத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மறுவிசாரணையில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டபின் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று அதிக நேரம் காத்திருங்கள். ஆமோஸுக்கு எண்பத்தொரு வயது. எழுந்து நிற்பதற்கே நேரமாகும்.

11. ஒன்றைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை. நண்பர்கள் ஒரு விஷயத்தில் மட்டும், தாமஸ் உட்பட, ஒருமனப்பட்டிருக்கிறார்கள். 18ஆம் தேதி செவ்வாய்க்கிழமை தங்கள் இயந்திரம் வரும் காலையில் அவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகளை அன்று ஒருநாள் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு நானும் உட்காருவேன். யாரும் வழி மறிக்கமாட்டார்கள், கூச்சல் போடமாட்டார்கள். தங்கள் ஆட்கள் வாசலில் நின்று, “உள்ள யாராச்சும் இருக்கீங்களா?” என்று குரல் கொடுப்பார்கள். உடனே பதில் வராது. யாரும் இல்லை என்று அவர்கள் நினைத்துவிடாமல் இருக்கத் தாங்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓரா பெட்டிஃபோர்டு

இடம்: ஆல்டர்ஃபோர்டு
நாள்: 4 செப்டம்பர் 1956