வேண்டாத படம் என்று யார் சொன்னது

2025 ஜூன் 2, திங்கள்

சர்வர் மறுபடியும் நிரம்பிவிட்டது. காலையிலேயே ஸ்கேன் படம் சேமிக்க முடியாமல் நின்றது. மார்க்கையன்கோட்டையிலிருந்து தேனிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு தீருமுன் மேனேஜர் சூரியபிரகாஷ் என் மேஜைக்கு வந்துவிட்டார். இந்த ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் என்றால் நான் ஒருத்திதான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நாகஜோதி, டேட்டாபேஸ் படுத்தாலும் நாகஜோதி.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் டேட்டாபேஸ் படங்களைத் தனியாக ஓரிடத்தில் போட்டுவைக்கிறது. நோயாளியின் பதிவில் இருப்பது படத்தின் எண் மட்டும். பதிவை அழித்தால் எண் போய்விடும், படம் கேட்க நாதியில்லாமல் அங்கேயே கிடக்கும்.

"அதையெல்லாம் ஒரே அடியா தூக்குற டூல் இருக்காம்ல, நம்ம சாஃப்ட்வேரு போட்ட மதுரக் கம்பெனிக்காரக சொன்னாக. ஓட்டிரும்மா" என்றார்.

இருக்கிறது. எந்தப் பதிவிலும் எண் இல்லாத படங்களைத் தேடி அழித்துவிடும். சரி என்றேன். இப்போதைக்குப் பழைய லாக் கோப்புகளை நீக்கிக் கொஞ்சம் இடம் பண்ணியிருக்கிறேன். ஒரு வாரம் தாங்கும்.

ஜூன் 3

அழிக்காமல் கணக்கு மட்டும் காட்டச் சொல்லி ஓட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வேண்டாத படம் என்கிறது. பாதியா? எப்படி?

ஜூன் 4

ரிசப்ஷனில் இருக்கும் யுவராணியைக் கேட்டேன், ஏன் இத்தனை பதிவு அழிந்திருக்கிறது என்று. அவள் பெருமையாகத்தான் சொன்னாள். "ஒரே ஆளு ரெண்டு பேருல வந்திருப்பாகக்கா. மொதத் தடவ வீட்டுல கூப்பிடுற பேரு, மறுதடவ ஆதார்ல இருக்க பேரு. ரெண்டு எதுக்குன்னு பழசை அழிச்சிருவேன். பழைய படம் காணாமப் போயிரக் கூடாதுல்ல, அதான் அதோட நம்பரப் புதுப் பதிவோட குறிப்புல அடிச்சு வச்சிருவேன்."

திறந்து காட்டினாள். கடமலைக்குண்டு மாயக்காள், கழுத்தில் கட்டி. முதலில் வந்தபோது மொக்கம்மாள். குறிப்பில் 'பழைய படம்' என்று போட்டு ஓர் எண். இப்படி எத்தனையோ பேர்.

அந்தக் கருவி, எண்ணுக்கென்றே ஒதுக்கிய கட்டங்களை மட்டும்தான் பார்க்கும். குறிப்பில் இருப்பது அதற்கு வெறும் எழுத்து. நேற்று நிஜமாகவே ஓட்டியிருந்தால் — பேக்கப் டிஸ்க்கும் நிரம்பி, பேக்கப் நின்றே பல மாதம் ஆகிறது. போனது போனதுதான். பயந்துபோனேன்.

ஜூன் 5

ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"பழைய படத்த யாரு கேக்கப் போறா? அவுகளுக்குத்தான் பிரிண்டு குடுத்தாச்சுல்ல."

"தொலைச்சவக என்ன சார் செய்வாக?"

"நீ ஓட்டலைன்னா மதுரயில இருந்து ஆளு வரும். அப்புறம் நீ எதுக்கு இங்கன?"

எதுக்கு இங்கனயா? இதச் சொல்லத்தான் இங்கன இருக்கேன். இதை வாய்விட்டுச் சொன்னேனா, மனசுக்குள் சொன்னேனா? வாய்விட்டுத்தான். யுவராணி காதில் விழுந்திருக்கிறது.

ஜூன் 6

வேலை போனாப் போகட்டும். சின்னமனூர்ல கம்ப்யூட்டரே இல்லையா என்ன. படம் போகாது.

ஜூன் 7, சனி

காலையில் முதல் வேலையாக ஒரு தாளில் எழுதினேன்: 'இந்தப் படங்களை அழிக்கச் சொன்னது நான்தான்.' கீழே மேனேஜர் பெயர், கையெழுத்துக்கு இடம். அவர் மேஜையில் வைத்து, பக்கத்தில் பேனாவையும் வைத்தேன். படித்தார். கையெழுத்துப் போடாமல் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு பகல் முழுக்க என் பக்கமே வரவில்லை.

சாயங்காலம் வந்தார். "ஒனக்கு என்னதாம்மா வேணும்?"

"பேக்கப்புக்கு ஒரு டிஸ்க். ரெண்டு நாளு. யுவராணி எங்கூட உக்காரணும்."

ஜூன் 10, செவ்வாய்

குறிப்புகளில் கிடந்த எண்களையெல்லாம் பொறுக்கி, கருவியின் கண்ணில் படும்படி ஒரு தனி அட்டவணையில் ஏற்றினோம். நடுவில் யுவராணி முகம் வாடிப்போய், "எம்மேல தப்பாக்கா?" என்றாள். "நீ எழுதி வைக்கலைன்னா தேடக்கூட வழியில்லடி" என்றேன். நிஜமும் அதுதான்.

மேனேஜர் வாங்கித் தந்த புது டிஸ்க்கில் பேக்கப் எடுத்தேன். மறுபடி கணக்குப் பார்த்தேன். பிறகு ஓட்டினேன். மங்கலாக வந்து திரும்ப எடுத்தவை, மெஷினைச் சோதிக்க எடுத்தவை, போக வேண்டியவை போயின.

"இம்புட்டு அழிச்சும் டிஸ்க்ல எடம் கூடலையே" என்றார் மேனேஜர். காலியான இடம் டேட்டாபேஸ் கையிலேயே இருக்கிறது, புதுப் படம் அதில் ஏறும் என்றேன். நம்பவில்லை. மதியம் ஸ்கேன் தடங்கல் இல்லாமல் ஓடியது. சாப்பிடப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாயக்காள் வந்திருந்தார். கட்டியை உடனே ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று எங்கேயோ சொல்லியிருக்கிறார்களாம். பழைய பிரிண்டைக் காணோம். ஸ்கேன் எடுத்துவிட்டு, முன்னால் எடுத்த படம் இருக்கிறதா என்று எங்கள் ஸ்கேன் டாக்டர் கேட்டார். யுவராணி எண்ணைத் தட்டினாள். படம் திறந்தது.

டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். "அப்ப இருந்த அளவேதான் இருக்கு. இப்ப கத்தி வைக்க வேண்டாம்மா. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

வெளியே வந்த மாயக்காள், கடமலைக்குண்டு பஸ் எப்போது என்று மட்டும் யுவராணியிடம் கேட்டுவிட்டுப் போனார். நான் யாரென்று அந்தம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மேனேஜர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து வந்து கேட்டார். "அந்த டூல அடுத்து எப்ப ஓட்டணும் நாகஜோதி?"

"நான் சொல்றப்ப, சார்."