கூரை மேல் பனி

ஜனவரி 9, செவ்வாய்

காரை ஏரிச்சாலை வளைவில், பள்ளத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இரவு ஒரு அடிப் பனி கொட்டியிருந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. முன்கண்ணாடியில் கையகலம் மட்டும் சுரண்டிவிட்டுக் கிளம்பினேன். வளைவில் பிரேக்கை மிதித்ததும் கூரைமேல் இருந்த பனி சரிந்து கண்ணாடியை மூடிவிட்டது. குருடனாகச் சறுக்கிப் போய் யாருடைய தபால் பெட்டியையோ பெயர்த்துக்கொண்டு இறங்கினேன்.

கூரையைத் துடைக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்து என்ன? சாலையில் மணல் தூவியிருந்தால் வண்டி நின்றிருக்கும். தூவ வேண்டியவன் யார்? வெய்னோ. என்னை விட்டுப்போன மனைவி லொரெய்ன் தேடிக் கண்டெடுத்த மாணிக்கம். பனி ஒதுக்கும் லாரியின் டிரைவர்.

பின்னாலேயே வந்து சேர்ந்தான். "அடி ஒண்ணும் படலியே, புரொஃபசர்?" அந்த 'புரொஃபசர்' இருக்கிறதே! பானட்மேல் குவிந்திருந்த பனியை மண்வெட்டியால் தள்ளினான். உள்ளே ஆளில்லை என்பதற்கு அடையாளமாகக் பக்கக் கண்ணாடியில் மஞ்சள் நாடா கட்டினான். எனக்கு மாலை போட்டதுபோல.

ஜனவரி 10

டிங்கரிங் கடைக்காரன் காரைச் சுற்றி வந்து சந்தோஷமாகத் தலையை ஆட்டினான். பானட், ஹெட்லைட், இடப்பக்கக் கதவு. அடுத்த வெள்ளி தருவானாம்.

மாலை லொரெய்ன் போன். "தப்பு ரோட்டு மேலயா, உன் மேலயா? அது தெரியாம இங்ரிட்டை உன் வண்டியில ஏத்த மாட்டேன்."

"ரோடுதான். ஒரு பிடி மணல் போடல உன் ஆளு."

பள்ளத்தில் கிடந்த காரின் போட்டோவையும் அனுப்பினேன். அரிசோனாவில் பிறந்தவள். பனியைப் பார்த்து அவளுக்கு என்ன புரியும்?

மகளைப் பார்க்க எனக்கிருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அதையும் பிடுங்கப் பார்க்கிறாள்.

ஜனவரி 11

எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஹோல்கர், என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் உபதேசம். நடந்தே போயிருக்கலாம். அவர் கார்க் கூரையில் ஒரு பொட்டுப் பனி இல்லை. வேலையில்லாதவனுக்கு இதற்கெல்லாம் நேரம் உண்டு.

இரவு, சாலை அலுவலகத்துக்கு வெய்னோவைப் பற்றிப் புகார் எழுதினேன். 'கடமை தவறிய' என்ற சொல் அருமையாக உட்கார்ந்தது.

ஜனவரி 13, சனி

இங்ரிட் வரவில்லை. அவளுக்கென்று வாங்கிய, இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டியையும் நானே தின்றேன். உப்பு அதிகம்.

ஜனவரி 15

லொரெய்ன் போன் செய்தாள். "வெய்னோகிட்ட கேட்டேன். வெறும் ஐஸ், யாரா இருந்தாலும் சறுக்கியிருப்பாங்கன்னான். அன்னிக்கு தன் லாரி லேட்டுன்னும் ஒத்துக்கிட்டான். சனிக்கிழமை அனுப்புறேன்."

பானட் பனியைத் தள்ளினவனே அவன்தான். அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சொல்லியிருக்கான் — எனக்குப் பிச்சை போடுறான்! யார் கேட்டா? இவன் யாரு எனக்குத் தயவு காட்ட?

அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டான். இப்போது புகாரை அனுப்பினால் ஆள் வேலையில் தங்க மாட்டான். அனுப்பலாம்.

தபால்தலை இல்லை.

ஜனவரி 19

கார் வந்தது. கதவு ஒரு நீலம், மற்றதெல்லாம் வேறொரு நீலம். "வெயில்ல பார்த்தா தெரியாது சார்." இங்கே ஏப்ரல் வரை எங்கே வெயில்?

ஜனவரி 20, சனி

இரவெல்லாம் பனி. வெய்னோவின் வண்டியிலிருந்து இங்ரிட் இறங்கினாள். நேரே வாசலுக்குப் போய் நீளத் துடைப்பத்தை எடுத்து வந்து என் கார்க் கூரையைத் தள்ள ஆரம்பித்தாள்.

"விடும்மா, போகப்போக விழுந்திடும். ஏறு."

"போட்டோவை நானும் பார்த்தேம்ப்பா. கூரை முன்பாதி மொட்டை, பின்பாதியில மலை மாதிரி பனி."

"அம்மாவுக்கு..."

"அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. நான் சொல்லல. அந்தப் பக்கம் எனக்கு எட்டாது, நீ தள்ளு."

தள்ளினேன். தெருவில் வெய்னோ இஞ்சினை அணைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். கூரை சுத்தமான பிறகுதான் கிளம்பினான். போகும்போது, இந்த ஊர் வழக்கப்படி, ஸ்டியரிங்கிலிருந்து சுட்டுவிரலை மட்டும் உயர்த்தினான்.

நானும் உயர்த்தினேன். ஒரே விரல். அதற்கு மேல் அவனுக்குக் கிடையாது.